நாயைக் கூப்பிட்ட தாத்தா

பெங்களூரில் ஒரு மல்லேஸ்வரத்துப் பள்ளியிலிருந்து ஒரு ஆங்கிலக் கவிதை மதியம் என் போனுக்கு வந்தது. மறுநாள் காலை, கோடை விடுமுறைச் சிறப்பு வகுப்புக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை நடத்திக் காட்ட வேண்டும். டெமோ கிளாஸ் என்று சொல்வார்கள். கடைசி பெஞ்சில் பள்ளி முதல்வரும் ஆங்கிலத் துறைத் தலைவியும் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்குப் பிடித்தால் வேலை.

அதற்கு முன்பு இரண்டு பள்ளிகளில் டெமோ கொடுத்து இரண்டிலும் என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஒரு இடத்தில் என் உச்சரிப்பு சரியில்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார்கள். பெயின்ட் அடிக்கிறார் என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் கேட்ட கேள்விகள் எல்லாமே சுருக்கமாக இருந்தன. வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அண்ணன் ஏழாவதோடு நின்றுவிட்டான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். தாத்தாவுக்கு அதுவும் வராது. நான் ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்து, பி.எட்.டும் முடித்தவள். ஒரு கவிதையை என்னிடம் கொடுத்துவிட்டு என் அப்பாவின் வேலையைப் பற்றிக் கேட்பவர்கள்மேல் எனக்கு மரியாதை வரவில்லை.

கவிதை சிறியது. ஏதோ ஒரு குளிர் நாட்டில், தோட்டமும் தொழுவமும் உள்ள வீட்டில் தாத்தாவோடு வளர்ந்த ஒரு பெண், பெரியவளான பிறகு சொல்வது. நான்கு பத்திகள். வரிகளை இங்கே தராமல் என் வார்த்தையில் சொல்கிறேன். முதல் பத்தியில், தாத்தா குதிரையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆப்பிள் மரங்களுக்குக்கூடப் பெயர் வைத்திருக்கிறார். பேத்தியை மட்டும் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இரண்டாவது பத்தியில் இருவரும் நடக்கிறார்கள். அவர் முன்னால் போகிறார், திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஆனால் தோட்டத்துக் கதவு வந்ததும் அது மூடிவிடாமல் காலால் தடுத்துக்கொண்டு, அவள் கடந்து போகும்வரை நிற்கிறார். மூன்றாவது பத்தியில் மழை. அவள் வீடு திரும்ப நேரமாகிவிட்டது. தாத்தா வாசலில் நின்று நாயின் பெயரைச் சொல்லி விடாமல் கூப்பிடுகிறார். அவள் நனைந்தபடி உள்ளே வருகிறாள். நாய் அடுப்போரம், காய்ந்த ரோமத்தோடு தூங்கிக்கொண்டிருக்கிறது. கடைசிப் பத்தியில் தாத்தா இல்லை. அவள் மழையில் வருகிறாள். யாரும் நாயைக் கூப்பிடவில்லை.

இணையத்தில் தேடினேன். கைடு எழுதுபவர்கள் எல்லாரும் ஒரே ஆளைப் பார்த்து எழுதியதுபோல ஒன்றையே சொன்னார்கள். தாத்தாவுக்கு முதுமையால் ஞாபக மறதி. நாய் உள்ளே இருப்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. பேத்தியின் பெயரும் மறந்துவிட்டது. அப்படியிருந்தும் அவள் அவரை நேசித்தாள். மையக் கருத்து, தலைமுறைகளுக்கு இடையிலான பாசம். நான் அதையே ஒரு தாளில் பாடத் திட்டமாக எழுதினேன். கரும்பலகையில் என்ன எழுத வேண்டும், எந்தக் கேள்வியை எப்போது கேட்க வேண்டும், எல்லாம் எழுதினேன். முடித்த பிறகும் மனசு ஒட்டவில்லை. ஆப்பிள் மரத்தின் பெயரெல்லாம் ஞாபகம் வைத்திருப்பவருக்கு ஒரு பேத்தியின் பெயர் எப்படி மறக்கும்?

எங்கள் வீடு ஒரே அறை. டி.வி. ஓடினால் படிக்க முடியாது. பத்தாம் வகுப்பிலிருந்தே நான் மொட்டை மாடியில், தண்ணீர் டேங்குக்குக் கீழே உட்கார்ந்துதான் படிப்பேன். அன்று சாயங்காலமும் அங்கேதான் இருந்தேன். மே மாத மழை பெரிய துளிகளாக விழ ஆரம்பித்தது. கீழே தெருவிலிருந்து தாத்தாவின் குரல் கேட்டது.

"டேய் பெரியவனே. வூட்டுக்கு வாடா. மழ வருது பாரு."

பெரியவன் என்பது என் அண்ணன். அவன் ஓசூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது.

"வர்றேன் தாத்தா," என்று குரல் கொடுத்துவிட்டுத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினேன். பக்கத்து வீட்டு ஆட்டோக்கார அண்ணன் வண்டிக்குப் படுதாவை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, தாத்தா இன்னிக்கும் பெரியவனயே கூப்புடறாரு? அவன் ஓசூரு போனதே மறந்துட்டாரு போல. டாக்டராண்ட ஒரு தபா காட்டுங்க. எங்க மாமனாருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

நான் படியில் அப்படியே நின்றுவிட்டேன். கைடில் இருந்த அதே வரியை ஆட்டோக்கார அண்ணன் சொல்லிவிட்டார்.

தாத்தா வாசல்படியில் நின்றிருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் அவரும் உள்ளே வந்து, டி.வி. முன்னால் உட்கார்ந்து, ரிமோட்டை எடுத்தார்.

"தாத்தா, அண்ணன் ஓசூர்ல கீறான். நீ யார கூப்ட்ட?"

"யாரு வந்தது?"

"நான் வந்தேன்."

"அப்புறம் இன்னா?" என்று சேனலை மாற்றினார்.

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். "இவ்ளோ படிச்சிட்டு இதக் கேக்குறா பாரு."

இதைப் புரிந்துகொள்ள என் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு வைத்திருப்பது தாத்தாவைப் பெற்ற தாயின் பெயர். வைத்தவரும் தாத்தாதான். பெயர் சூட்டிய அன்று என் காதில் மூன்று தடவை சொன்னாராம். அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அதுதான் கடைசி. பெற்றவளின் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையை வாடி போடி என்று எப்படிக் கூப்பிடுவது? திட்டவே முடியாதே. ஒரு தடவை நான் பாலைக் கொட்டிவிட்டேன் என்று அம்மா ஆத்திரத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டாளாம். தாத்தா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதோடு வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. நான் எல்லாருக்கும் பாப்பா. தாத்தாவுக்குப் பாப்பாவும் இல்லை. அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டார். என் பக்கம் பார்த்துப் பேசுவார், அவ்வளவுதான். நான் கண்ணில் படாத இடத்தில் இருந்தால் அண்ணனைக் கூப்பிடுவார். அண்ணன் வீட்டில் இருந்த காலத்தில் நாங்கள் இரண்டு பேருமே ஓடுவோம். அண்ணன் போன பிறகு நான் மட்டும் ஓடினேன். அதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இந்த ஏற்பாட்டால் என் பள்ளிக்கூட வாழ்க்கை வேடிக்கையாகத்தான் தொடங்கியது. ஒன்றாம் வகுப்பில் டீச்சர் தினமும் வருகைப் பதிவு எடுப்பார். ஒரு பெயரைக் கூப்பிடுவார், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அந்தப் பிள்ளை ஏன் வருவதே இல்லை என்று நானும் நினைத்துக்கொள்வேன். ஒரு வாரம் கழித்து, உங்கள் பெண் பள்ளிக்கூடமே வருவதில்லை என்று வீட்டுக்கு ஆள் வந்தது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"இதோ கீறாளே டீச்சர். தெனமும் நான்தான வந்து வுட்டுட்டுப் போறேன்."

"அப்ப பேரக் கூப்பிட்டா ஏம்மா எந்திரிக்கல?"

"பாப்பான்னு கூப்டுங்க டீச்சர், எந்திரிப்பா."

"இங்க எல்லாமே பாப்பாதாம்மா."

அன்று டீச்சர் என் பெயரைச் சிலேட்டில் எழுதிக் கொடுத்தார். என் பெயர் எனக்குத் தெரிந்ததே பள்ளிக்கூடத்தில்தான். தாத்தாவின் அம்மா பள்ளிக்கூடம் பார்த்தவள் இல்லை. அவள் பெயரை யாரும் எங்கும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நான் சான்றிதழ் ஒவ்வொன்றாக வாங்கி வரும்போது தாத்தா, "எதுல கீது?" என்று கேட்பார். நான் பெயர் இருக்கும் இடத்தில் விரலை வைப்பேன். பார்ப்பார். வேறு எதையும் கேட்டதில்லை.

அன்றிரவு சாப்பிட்டு முடித்ததும் எழுதி வைத்த பாடத் திட்டத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன்.

காலையில் மெஜஸ்டிக் வரை பஸ், அங்கிருந்து மெட்ரோ. வகுப்பில் பெரும்பாலும் கன்னடப் பிள்ளைகள். பாடம் முழுவதும் ஆங்கிலத்தில்தான் நடந்தது; நான் தமிழில் சொல்கிறேன். கவிதையை இரண்டு தடவை வாசித்தேன். பிறகு கேட்டேன்.

"அவர் கூப்பிடும்போது நாய் எங்கே?"

"உள்ளே மிஸ். அடுப்புகிட்ட," என்றான் ஒருவன்.

"ஈரமா இருக்கா?"

"இல்ல மிஸ். காஞ்சிருக்கு."

"அப்ப வெளியே போச்சா?"

"போகல."

"ஈரமா உள்ளே வந்தது யாரு?"

ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "அவ வந்தா. அப்ப அவர் கூப்பிட்டது அவளத்தான்."

பாடம் அங்கேயே முடிந்திருக்கலாம். ஒரு ஆசிரியைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நான் அதோடு நிறுத்தவில்லை. ஏன் பெயர் சொல்லவில்லை என்பதற்கும் நானே காரணம் சொன்னேன். அந்தப் பேத்திக்கு அவருடைய தாயின் பெயரை வைத்திருக்கிறார்கள், அதனால் அவர் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார் என்றேன். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "எங்க அஜ்ஜி கூட தாத்தா பேரச் சொல்ல மாட்டாங்க மிஸ். 'ரீ'ன்னுதான் கூப்பிடுவாங்க," என்றான் ஒருவன். கன்னட 'ஏங்க'வான அந்த 'ரீ'யை அவன் தன் பாட்டியைப்போல் இழுத்துச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. முதல்வரும் சிரித்தார். துறைத் தலைவி சிரிக்கவில்லை. புத்தகத்தில் எதையோ விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

மணி அடித்த பிறகு என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். துறைத் தலைவி எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டுப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். வயதானவர். முதல் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார். என் விண்ணப்பத்தில் தாய்மொழியைப் பார்த்திருப்பார்போல, அதற்குப் பிறகு தமிழில் பேசினார்.

"பேத்திக்கு அவரோட அம்மா பேருன்னு சொன்னீங்களே, அது எந்த வரியில இருக்கு?"

பார்த்தேன். முதல் பத்தி, இரண்டாவது, மூன்றாவது. எனக்கு அந்தக் கவிதை அதற்குள் மனப்பாடம். இருந்தாலும் பார்த்தேன்.

"இல்ல மேடம்."

"பின்ன எங்கேருந்து வந்தது?"

"எங்க வீட்டுலேருந்து."

"உங்க வீட்டையா நடத்தச் சொன்னோம்?"

அந்த நேரத்தில் எனக்கு இரண்டு எண்ணங்கள் வந்தன. மன்னிப்புக் கேட்டு, கைடில் இருப்பதே சரி என்று சொல்லிவிடலாம். வேலை கிடைத்தாலும் கிடைக்கும். இல்லை, எழுந்து போய்விடலாம். என் கர்வம் இரண்டாவதைத்தான் சொன்னது. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அப்பாவின் வேலையைப் பற்றி அவர் கேட்கவில்லை. எந்த வரி என்று கேட்டார். என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"அது தப்புதான் மேடம். ஏன் பேர் சொல்லலங்கறது கவிதையில இல்ல. அது நான் சேத்தது. ஆனா அவர் அவளத்தான் கூப்பிட்டாருங்கறது இருக்கு. நாய் காஞ்சு கெடக்குதே."

"கைடுல மறதின்னு போட்டிருக்கு."

"மரத்துக்கெல்லாம் பேர் ஞாபகம் இருக்கு மேடம் அவருக்கு."

முதல்வர் இடையில் வந்தார். "பரீட்சைல கைடுல இருக்கறதத்தான் எதிர்பார்ப்பாங்க. ஒரு பிள்ள நீங்க சொன்னத எழுதி மார்க் குறைஞ்சா, அவங்க அப்பாம்மா எங்க ரூமுக்குத்தான் வருவாங்க. அப்ப என்ன சொல்லுவீங்க?"

"அந்த வரியக் காட்டுவேன் சார்."

"அவ்வளவுதானா?"

"வேற எதுவும் என்கிட்ட இல்ல சார்."

துறைத் தலைவி புத்தகத்தை மூடினார். தகவல் சொல்கிறோம் என்றார்கள். முந்தைய இரண்டு இடங்களிலும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அவங்க புக்குல இன்னா போட்டிருக்கோ அதயே சொல்லிட்டு வர்றதுதான?"

"அதுல தப்பா போட்டிருக்கும்மா."

"நீ வாத்தியாரு ஆவறதுக்கு முன்னாடியே அவங்களுக்கு வாத்தியாரு ஆயிட்ட."

தாத்தா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "எத்தப் பத்தி பாடம்?"

"ஒரு கெழவன், நாயக் கூப்புட்டுக்கினே இருந்தான்," என்றேன்.

"வந்துச்சா?"

"நாய் வரல. பேத்தி வந்தா."

"ம்," என்றார். "வரட்டும்."

அடுத்த சில நாட்கள் நான் வழக்கமாகப் பாடம் எடுக்கும் டியூஷன் சென்டருக்குப் போய்வந்தேன். போனைச் சத்தமாக வைத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. ராத்திரிகளில் அந்தக் கேள்வியே திரும்பத் திரும்ப வந்தது. எந்த வரியில இருக்கு? கல்லூரியில் ஐந்து வருடம் கவிதை படித்திருக்கிறேன். அப்போதெல்லாம் என் வீட்டில் இருப்பது எதுவும் கவிதைக்கு உதவாது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். இந்த ஒரு தடவை அது உதவியது, நாய் எங்கே படுத்திருக்கிறது என்று பார்க்கவைத்தது. உடனே நான் மொத்த வீட்டையும் கொண்டுபோய்க் கவிதைக்குள் வைத்துவிட்டேன். ஏதோ ஒரு நாட்டுக் கிழவருக்கு அவர் காரணம் இருக்கும். அதை அவர் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன் கீழே சார்ஜில் இருந்தது. தாத்தாவின் குரல் வந்தது.

"டேய் பெரியவனே. போனு. சீக்கிரம் வா, கட் ஆயிரும்."

கையிலிருந்த ஈரத் துணியோடு ஓடினேன். தாத்தா போனை ஒரு முட்டையைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். துறைத் தலைவிதான் பேசினார்.

"பெரியவர் ஒருத்தர் எடுத்தார். உங்க பேரச் சொல்லி, இருக்காங்களான்னு கேட்டேன். ஆமாங்க, எங்க வூட்டுதுதாங்கன்னார். அப்புறம் வேற யாரையோ கூப்பிட்டார்."

"என்னத்தான் மேடம் கூப்பிட்டாரு."

அவர் சிரித்தார். அதிகம் சிரிக்கிறவர் இல்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் அன்று வந்து சேரச் சொன்னார். முதல் வருடம் தற்காலிகம்தான். ஒரு நிபந்தனையும் போட்டார். பாடத்தில் இருப்பது எது, வீட்டிலிருந்து வருவது எது என்று பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டையும் சொல்லலாம், கலக்கக் கூடாது. கைடு பதிலையும் பரீட்சைக்காகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சரி என்றேன். அடையாள அட்டைக்குப் போட்டோ அனுப்பச் சொல்லிவிட்டு வைத்தார்.

அம்மா தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றுவிட்டாள். நான் சொன்னதும் குடத்தைக் கீழே வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்குப் போன் போடு என்றாள். நான் அப்பாவிடம் பேசி முடிக்கும்வரை தாத்தா காத்திருந்தார்.

"கழுத்துல மாட்டிக்கினு போவாங்களே, அட்ட. அது குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க தாத்தா."

"அதுல போட்டிருக்குமா?"

"பேரா? பெருசா போட்டிருக்கும்."

தலையை ஆட்டினார். உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். ஏதோ கவலை வந்துவிட்டது முகத்தில்.

"பசங்க அதப் படிச்சிட்டு பேர் சொல்லிக் கூப்புடுவாங்களா?"

"இல்ல தாத்தா. மிஸ்ஸுன்னுதான் கூப்புடுவாங்க."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு டி.வி.யைப் போட்டார்.